ஹாலில் யார் இருக்கிறார்கள்?

தன்னோடு தானே அரைமணி நேரம் பேசிவிட்டு வந்த ஆதிரை, பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குப்புற விழுந்தாள்.

பவித்ரா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அறை வாசலில் நின்றாள். மகள் அழுது அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை பிசகியபோதுகூட, "எப்படி விழுந்தேன்னு யோசிச்சுட்டு இருக்கேன், கொஞ்சம் இரும்மா" என்று சொன்ன பெண் அவள்.

"என்ன கண்ணு? என்ன சொன்னா அவ?"

"எவ?"

"அவதான், நாப்பது வயசு ஆதிரை."

ஆதிரை தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். காலையில் பவித்ராதான் கேலி பேசி அனுப்பியிருந்தாள். "நாப்பது வயசு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஸ்கூல் வரைக்கும் போகணுமா? இங்க உக்காந்து என்னைப் பாரேன்."

பொள்ளாச்சிப் பள்ளிக்கூடங்களுக்கு 'நாளைய குரல்' வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ப்ளஸ் டூ முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவை தனியாகவும், ஒரு தடவை குடும்பத்தோடும், நாற்பது வயதில் இருக்கப்போகிற தன்னோடு பேசுகிற வாய்ப்பு. பிள்ளையின் மதிப்பெண், பேச்சு, எழுத்து, ஆசை, குடும்பம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே வாழ்ந்து பார்த்த லட்சக்கணக்கான பேரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பிசைந்து, அந்தப் பிள்ளையின் குரலிலேயே ஒரு நாற்பது வயதுக்காரரை இயந்திரம் பேச வைத்தது. என்ன படிப்பது, எங்கே சேருவது என்று பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடக்கும் சண்டை இதனால் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தன் குரலோடு யார் சண்டை போடுவார்கள்?

ஆதிரை புரண்டு படுத்தாள். கன்னத்தில் தலையணை உறையின் பூ பதிந்திருந்தது.

"என்னை ஆதிக்குட்டின்னு கூப்பிட்டாம்மா. அப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாரு. அங்கயே நான் விழுந்துட்டேன்."

"சரி."

"ரோபோட்டிக்ஸ் சேர்ந்தாளாம். நல்லாப் படிச்சாளாம். கொஞ்ச நாள் வேலை பார்த்தாளாம். அப்புறம் கல்யாணம், குழந்தை. விட்டுட்டாளாம். 'எனக்கென்ன கொறை, நல்லா இருக்கேன். எப்படியும் விடப்போற ஒண்ணுக்கு நீ எதுக்கு சென்னை வரைக்கும் போய் அலையறே? இங்கயே பக்கத்துல பி.காம் சேரு, அப்பாவுக்கு மில் கணக்குல ஒத்தாசையா இரு'ன்னு சொல்றா."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது? அவதான் நானாச்சே!"

பவித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பையின் வாரைத் தோளிலிருந்து கழற்றிவிட்டாள். அந்தப் பையில்தான் சென்னைக் கல்லூரியின் அனுமதி இருந்தது. விவசாயத்துக்கான இயந்திரங்களை வடிவமைக்கிற ரோபோட்டிக்ஸ் படிப்பு. தென்னை மரம் ஏறுகிற இயந்திரம் இன்னும் ஏன் பாதி மரத்தில் நின்று தொலைக்கிறது என்று மூன்று வருடமாக ஆதிரை தலையை உடைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் சேருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

*

கவினுக்குத் தென்னை நார் பிரிக்கும் மில். ஊரில் மஞ்சி மில் என்பார்கள். அதன் பின்னால் நார் காயப்போடுகிற பெரிய களம். மழை வருகிற மாதிரி இருந்தால் களத்து இயந்திரம் தானே தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். விற்ற கம்பெனிக்காரன் கொடுத்த நிரல் கோயம்புத்தூர் வானத்தைப் பார்த்து முடிவெடுத்தது. பொள்ளாச்சி மழை வால்பாறைப் பக்கமிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்று அதற்குத் தெரியாது. ஆதிரை பத்தாவது படிக்கும்போதே அதைப் பிரித்து எழுதி, காற்றின் ஈரத்தையும் மலைப்பக்கத்து மேகத்தையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். மகள் எழுதியது என்று கவின் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டுவான்.

அதனால்தான் சாப்பிடும்போது அவன் சொன்னது ஆதிரைக்கு அதிகமாக வலித்தது.

"நான் வேண்டாம்னு சொன்னனா? சென்னை போ, எங்க வேணா போன்னுதான சொன்னேன்? நீயே இல்ல வேண்டாம்னு சொல்றே!"

"அது நான் இல்லப்பா."

"உன் குரல்தான? ஆதிக்குட்டின்னு சொன்னாளா இல்லையா? அத அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

கவினின் அக்கா சரண்யா, ரசத்தை ஊற்றிக்கொண்டே நடுவில் வந்தாள். கணவர் இறந்தபிறகு அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். பாசக்காரி, வாய்தான் நிற்காது.

"தம்பி சொல்றது சரிதான் அம்மிணி. அம்புட்டு பெரிய மெசினு பொய்யா சொல்லும்? எங்க காலத்துல ஜாதகம் பாத்தாங்க, அதுல கட்டத்த மாத்தி எழுதிக்கலாம். இதுல உன்ற வாயாலயே வருதே. சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுவாங்கல்ல, அப்ப நானும் ஒரு வார்த்தை கேக்கறேன்."

"நீங்க என்னத்த கேப்பீங்க அத்தை?"

"என்ற முட்டி வலி சரியாச்சான்னு."

எல்லோரும் சிரித்தார்கள், ஆதிரையைத் தவிர. பவித்ரா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள். கவின் கெட்டவன் இல்லை. மகள் அழக்கூடாது என்று நினைக்கிறான், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் சென்னைக்குப் போய்க் கஷ்டப்பட்டு, கடைசியில் விட்டுவிட்டு வந்து அழுவதைவிட இப்போதே அழுதுவிட்டால் போகட்டும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று பவித்ராவாலும் உடனே சொல்ல முடியவில்லை.

*

மறுநாள் மாலை ஆதிரை களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தாள். நார் வாசனையும் ஈரக் காற்றும் சேர்ந்து வந்தது. பவித்ரா பஜ்ஜித் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஷஃப்ரீன்கிட்டப் பேசினியா? அவளுக்கு என்ன சொல்லுச்சாம்?"

ஷஃப்ரீன் ஆதிரையின் தோழி. விமானம் வடிவமைக்கப் போகிறேன் என்று எட்டாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள்.

"அவளுக்கும் அதேதான். எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். டெக்னாலஜி எடுக்கறேன்னு சொன்ன அத்தனை பேர்கிட்டயும், 'எனக்கென்ன கொறை, நல்லா இருக்கேன், நீ எதுக்கு அலையறே'ன்னுதான் சொல்லியிருக்கு. வார்த்தைகூட மாறல. விக்னேஷ்னு ஒருத்தன் இருக்கான், பிசிக்ஸ்ல ரெண்டு தடவை கோட்டை விட்டவன். அவனோட நாப்பது வயசு சிங்கப்பூர்ல டீம் லீடரா இருக்காம். 'தைரியமா வாடா'ன்னு சொல்லுச்சாம்."

"அதுக்கு எப்படித் தெரியுது?" என்றாள் பவித்ரா. "இப்படித்தான் ஆகும்னு எதை வச்சுச் சொல்லுது?"

கேட்டபிறகுதான், தான் கேட்டது ஒரு அம்மாவின் கேள்வி இல்லை, பழைய பொறியாளரின் கேள்வி என்று அவளுக்கே தோன்றியது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்த்தவள். ஆம்புலன்ஸுக்கு நெரிசல் இல்லாத வழி சொல்லும் மென்பொருள் எழுதியவள். பிரசவத்துக்கு லீவு போட்டாள். லீவை நீட்டினாள். பிறகு இன்னொரு தடவை நீட்டினாள். யாரும் வேலையை விடு என்று சொல்லவில்லை. என்றைக்கு விட்டோம் என்று கேட்டால் அவளுக்கே தேதி தெரியாது.

"வருஷா வருஷம் வீட்டுக்கெல்லாம் போன் வருமேம்மா, நல்லா இருக்கீங்களா, வாழ்க்கை எப்படிப் போகுதுன்னு இதே கம்பெனியோட மெஷின் கேக்குமே, அந்தப் பதிவுதான். வேலைக்குப் போய் அப்புறம் விட்ட லட்சக்கணக்கான பொம்பளைங்க பேசினது. அவங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அப்ப எனக்கும் அதுதான் சந்தோஷம்னு அது முடிவு பண்ணிக்குது. பொய் சொல்லல. கேட்டதைத் திருப்பிச் சொல்லுது."

பவித்ராவின் கையில் இருந்த பஜ்ஜி அப்படியே நின்றது.

அவளுக்கு அந்தப் போன் முதல் முதலாக வந்த நாள் ஞாபகம் இருந்தது. ஆதிரைக்குக் காது குத்திய நாள். ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். கையெல்லாம் மாவு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு சமையல் மேடை மேல் வைத்திருந்தாள். அந்த வீட்டில் எப்போதுமே அப்படித்தான். போனை எடுத்துக்கொண்டு தனியாக எழுந்து போனால், யாரோடு அப்படி ரகசியம் என்று ஒரு பார்வை வரும். வாயால் யாரும் கேட்க மாட்டார்கள். பார்வை மட்டும் வரும். அதற்காகவே இந்த ஊர்ப் பெண்கள் போனை நடு வீட்டில் வைத்துப் பேசப் பழகியிருந்தார்கள்.

'நீங்கள் பார்த்துவந்த வேலையை விட்டதில் உங்களுக்கு வருத்தம் உண்டா?' என்று இயந்திரம் கணீரென்று கேட்டது. ஹாலில் பேச்சு நின்றது. மாமியார் திரும்பிப் பார்த்தார். சரண்யா திரும்பிப் பார்த்தாள். மகளை மடியில் வைத்திருந்த கவினும் பார்த்தான், பாவம், கொஞ்சம் பயத்தோடு.

"எனக்கென்ன கொறைங்க, நல்லா இருக்கேன்" என்று பவித்ரா சொன்னாள். ஹால் மூச்சு விட்டது. கவின் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள், அதற்கடுத்த வருடமும்.

"அம்மா? என்னாச்சு?"

பவித்ரா சொன்னாள். மறைக்காமல் சொன்னாள், மாவுக் கை முதற்கொண்டு.

ஆதிரை அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள். தார்ப்பாய் ஏன் நேரத்துக்கு மூடுவதில்லை என்று கண்டுபிடித்த அன்றைக்கு அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இப்போது வந்தது.

"அந்தப் போன் வந்தப்ப ஹால்ல யாரெல்லாம் இருந்தாங்கம்மா?"

"எல்லாரும்தான். ஏன்?"

"எல்லா வருஷமுமா?"

"பெரும்பாலும். யாராச்சும் இருப்பாங்கதானே, வீடுன்னா?"

"எல்லார் வீட்லயும் அப்படித்தான் இருக்கும்ல?" ஆதிரை எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டினாள். "அது வார்த்தைய மட்டும் கத்துக்கலம்மா. குரல், மூச்சு, தயக்கம், பின்னாடி கேக்கற குக்கர் சத்தம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் கத்துக்கிட்டிருக்கும். ஒருத்தர்கூடத் தனியா இருந்தப்பப் பேசியிருக்க மாட்டாங்களா?"

"நீ என்ன பண்ணப் போறே?"

"இன்னும் தெரியல. சனிக்கிழமை பாத்துக்கலாம்." தட்டில் இருந்த கடைசி பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "உப்பு ஜாஸ்தி."

*

சனிக்கிழமை காலை ஹாலில் நல்ல வெயில். சுவர்த் திரையில் முதலில் மெர்லின் மிஸ் வந்தாள். பள்ளியில் மேற்படிப்பு வழிகாட்டி. குடும்ப அழைப்புகளைக் கூட இருந்து கவனிப்பது அவள் வேலை. வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். திரையில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் மிதந்தது. முன்பெல்லாம் முகமும் காட்டினார்கள். பிள்ளைகள் விஷயத்தைக் கேட்காமல், முடி இப்படியா கொட்டிப்போகும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தை எடுத்துவிட்டார்கள்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றது கோடு.

ஆதிரையின் குரல்தான். கொஞ்சம் கனத்து, கொஞ்சம் நிதானமாக. கவின் திரைப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். தன் பெண் பெரியவளாகி, எங்கிருந்தோ தன்னை நலம் விசாரிக்கிறாள் என்றால் எந்த அப்பாவால்தான் தள்ளி உட்கார முடியும்?

"நல்லா இருக்கேன் ஆதிக்குட்டி. நீ எப்படிச் சாமி இருக்கே?"

"எனக்கென்ன கொறைப்பா, நல்லா இருக்கேன். அவர் நல்லா பாத்துக்கறாரு. குழந்தைங்க நல்லாப் படிக்கறாங்க."

சரண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ற முட்டி வலி என்னாச்சு அம்மிணி?"

"மத்தவங்களைப் பத்திச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல அத்தை."

"சரி, இருக்கனா இல்லையான்னாச்சும் சொல்லு."

"அக்கா, சும்மா இரு" என்றான் கவின். பிறகு திரையைப் பார்த்துக் கேட்டான்: "ஆதிக்குட்டி, இவ சென்னை போகட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா. எப்படியும் விடத்தானே போறோம்? எதுக்கு அலையணும்?"

கவின் பவித்ராவைப் பார்த்தான். பார்த்தாயா, நான் சொல்லவில்லை, அவளேதான் சொல்கிறாள் என்று அந்தப் பார்வை சொன்னது. அதில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் பவித்ராவை வதைத்தது.

ஆதிரை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு ஆதிக்குட்டி."

"நீ இப்ப உன் வீட்ல எங்க இருக்கே?"

"சமையலறையில."

"ஹால்ல யாராச்சும் இருக்காங்களா?"

மஞ்சள் கோடு அசையாமல் நின்றது. இதுவரை அது எந்தக் கேள்விக்கும் இப்படி நின்றதில்லை.

"இருக்காங்க" என்றது கடைசியில்.

"யாரு?"

"எல்லாரும்தான்."

"நீ பேசறது அவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும். ஸ்பீக்கர்ல இருக்கு. கையெல்லாம் மாவு."

பவித்ரா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிரை குரலைத் தாழ்த்தினாள். தோழியிடம் பேசுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் பேசினாள். "சரி, இப்ப அவங்கல்லாம் உடுமலைல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. கார் தெரு முனை தாண்டிடுச்சு. கதவைச் சாத்தியாச்சு. நீ கையைக் கழுவிட்டு வந்து உக்காந்திருக்கே. ஸ்பீக்கர் இல்ல. போன் உன் காதுல இருக்கு. உன்னையும் என்னையும் தவிர யாரும் இல்ல. நல்லா இருக்கியா?"

மெர்லின் மிஸ், இணைப்பு போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தாள். அப்போது அந்தக் குரல் சிரித்தது. அதே குரல்தான், ஆனால் யாரோ தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"போயிட்டாங்களா? எல்லாருமா?"

"எல்லாரும்."

"அவர் தங்கமானவர். அது பொய்யில்ல. குழந்தைங்கன்னா உயிர். அதுவும் பொய்யில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"வாஷிங் மெஷின் ரிப்பேர்க்கு ஆள் வருவாங்கல்ல, அவர் பின்பக்கத்தைத் திறந்து அந்தப் பச்சை சர்க்யூட் பலகையை வெளிய எடுக்கும்போது பக்கத்துலயே நிப்பேன். டீ போடப் போகவே மாட்டேன். அவர் போனதும் நானே திரும்பத் திறந்து பாப்பேன். கெட்டுப்போகவே இல்லைன்னாலும் திறந்து பாப்பேன். எதுக்குன்னு தெரியாது. அப்புறம் மூடி வச்சுட்டு சமையல் பண்ணப் போயிடுவேன்."

பவித்ராவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்க்ரூ டிரைவர் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருப்பது கவினுக்குக்கூடத் தெரியாது. அவள் சொல்லவில்லை என்றால், வேறு எங்கோ ஒரு ஊரில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், இன்னொருத்தி இதையே இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது பவித்ராவுக்கு.

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் ஆதிரை.

"போ. கண்டிப்பாப் போ. உன்னை யாரும் விடச் சொல்ல மாட்டாங்க, அதைத் தெரிஞ்சுக்கோ. விடச் சொன்னா சண்டை போடலாம். சொல்லவே மாட்டாங்க. நீயாத்தான் இன்னும் கொஞ்ச நாள் லீவுன்னு தள்ளிப் போடுவே. தள்ளிப் போடாதே. குழந்தையைத் தூக்கி அவர் கையில குடுத்துட்டுப் போ. அவர் பாத்துக்குவாரு. நான் கேட்டுப் பாக்கவே இல்ல. கேட்டிருந்தா பாத்திருப்பாரு."

நேரம் முடிந்துவிட்டது. மஞ்சள் கோடு மெல்ல மறைந்தது. மெர்லின் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆதிரை, நீ கேட்ட கேள்வியை நான் மத்தப் பொண்ணுங்களுக்குச் சொல்லலாமா?"

"ஷஃப்ரீனுக்கு நேத்தே சொல்லிட்டேன் மிஸ்."

*

ஹாலில் யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் வாயைத் திறந்தது சரண்யாதான்.

"அந்தப் போன் எனக்கும்தான் வரும்" என்றாள். "டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருந்தேன். மாமனார் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு." காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முட்டி வலியைப் பற்றி அன்றைக்கு அவள் மறுபடி பேசவில்லை.

கவின் பவித்ராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வழக்கமாகக் கைகளை வீசிப் பேசுகிறவன், இப்போது அவற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பவி, நீயும் அப்படித்தான் சொன்னியா?"

"ம்."

"நான் ஹால்ல இருந்தனா?"

"இருந்தீங்க. ஆதியை மடில வச்சுக்கிட்டு."

"நீ கேட்டிருந்தா நான் பாத்திருப்பேன் பவி. சத்தியமா."

"தெரியும்" என்றாள் பவித்ரா. "இன்னிக்குத்தான் தெரியும்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவன் விடவில்லை. ஆதிரை கூரையைப் பார்த்து, "நான் போய் அத்தைக்கு டம்ளர் கழுவித் தர்றேன்" என்று எழுந்தாள்.

"இரு" என்றான் கவின். "சென்னைல ஹாஸ்டல் எப்படி இருக்குன்னு மொதல்ல போய்ப் பாக்கணும். திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே சேர்றேன்னு சொல்லிடு." கொஞ்சம் யோசித்து, அவனுக்கே உரிய குறும்போடு சேர்த்துக்கொண்டான்: "பவி, வாஷிங் மெஷின் அடிக்கடி தண்ணி ஒழுகுதே, அது நீதானா?"

*

ஆதிரை சென்னைக்குப் போனாள். ஷஃப்ரீன் பெங்களூருக்குப் போனாள். மெர்லின் மிஸ் கூடவே இருந்து கவனித்த குடும்ப அழைப்புகளில் ஒவ்வொரு பெண்ணும் ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒவ்வொரு ஹாலிலும் ஒரு அமைதி வந்தது. எல்லோரும் தொழில்நுட்பம் எடுக்கவில்லை. ஒருத்தி, இல்லை, எனக்கு நிஜமாகவே சமையல்தான் பிடிக்கும் என்று சமையல் கலை சேர்ந்தாள். அவளுடைய நாற்பது வயது, ஹாலில் ஆள் இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மாதிரிதான் பேசியதாம்.

மெர்லின் மிஸ்ஸும் ஆதிரையும் 'நாளைய குரல்' நடத்துகிற நிறுவனத்துக்கு எழுதினார்கள். எங்கள் இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்கிறது, அதற்குக் கிடைத்த பதில்களைத்தான் அது பேசுகிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆதிரை விடுகிற ஆளா? விடுமுறையில் வந்தபோதெல்லாம் அடுத்த கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

களத்து இயந்திரத்தை இப்போது பவித்ரா பார்த்துக்கொண்டாள். முதல் வாரம் மகள் எழுதிய நிரல் புரியவில்லை. இரண்டாம் வாரம் புரிந்தது. மூன்றாம் வாரம் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, சென்னைக்குப் போன் போட்டு, "ஏம்மிணி, இப்படியா எழுதுவே?" என்று திட்டினாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து மில்காரர்கள் இரண்டு பேர், தங்கள் களத்தையும் பார்த்துத் தர முடியுமா என்று கவினிடம் கேட்டார்கள். "என்கிட்ட ஏனுங்க கேக்கறீங்க? என்ஜினீயர் உள்ள இருக்காங்க" என்றான் கவின்.

தைப்பொங்கலுக்கு ஆதிரை வந்திருந்தாள். வீடு நிறைய ஆட்கள். கவினின் சித்தப்பா குடும்பம், சரண்யாவின் நாத்தனார், யார் யாரோ. பவித்ரா முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது மேடை மேல் இருந்த போன் அடித்தது. ஆதிரைதான் விரலால் தட்டிவிட்டாள்.

"வணக்கம். இது வருடாந்திர நலம் விசாரிப்பு அழைப்பு" என்றது கணீரென்ற குரல். ஹாலில் பேச்சு நின்றது. வழக்கம்போல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேள்விகளுக்கு முன்னால் புதிதாக ஒன்று" என்றது குரல். "இப்போது உங்கள் அருகில் யாராவது இருக்கிறார்களா? விரும்பினால், நீங்கள் தனியாக இருக்கும்போது மறுபடி அழைக்கிறோம்."

பவித்ரா மகளைப் பார்த்தாள். கடிதம் மேல் கடிதம் எழுதிய ஆதிரைக்கும் இது தெரிந்திருக்கவில்லை. கண்கள் விரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஹாலில் கவின் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த முறை அவன் முகத்தில் பயம் இல்லை. சொல்லு என்பது போலத் தலையசைத்தான்.

பவித்ரா மாவுக் கையாலேயே போனை எடுத்தாள். எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகவில்லை. நேராக ஹாலுக்கு வந்து, நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"இருக்காங்க" என்றாள். "எல்லாரும் இருக்காங்க. நீங்க இப்பவே கேளுங்க, சொல்றேன்."